நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு முன்வாசல் எது

ஒரு வீட்டுக்கு முன்வாசல் எது என்று கேட்டால் எல்லோரும் ஒரு கதவைக் காட்டுவார்கள். இரண்டு கதவு இருந்தால் பெரியதைக் காட்டுவார்கள். கிளெனிஸ் மெட்கால்ஃப் ஐம்பத்தொன்பது வயது வரை இந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொண்டதில்லை. கேட்க வேண்டி வந்தபோது, சரியான பதிலுக்கும் தவறான பதிலுக்கும் நடுவே எண்பத்தேழாயிரம் பவுண்டு இருந்தது.

யார்க்ஷயரில் ஸ்கார்பெக் என்ற ஊரில், பெல்வியூ சாலை நாற்பத்தொன்றாம் எண் வீட்டில் அவள் இருபத்தேழு வருடமாக வாடகைக்கு இருந்தாள். மலைச்சரிவில் ஒன்றை ஒன்று முட்டுக்கொடுத்து நிற்கும், ஆலைப்புகையில் கறுத்துப்போன கல் வீடுகளில் அதுவும் ஒன்று. மேல்கதவு சாலையைப் பார்க்கும். கீழ்க்கதவு சமையலறையிலிருந்து ஒரு சின்ன முற்றத்தில் திறக்கும். அதைத் தாண்டினால் மில் சந்து. சாலையிலிருந்து சந்துக்கு வர வேண்டுமென்றால் வீட்டு வரிசையின் கோடி வரை நடந்து, முப்பத்தெட்டுப் படி இறங்கி, நடந்த தூரத்தை மறுபடி திரும்பி நடக்க வேண்டும். ஏழு நிமிடம் ஆகும், மழையில் ஒன்பது. கிளெனிஸைப் பார்க்க வந்த எல்லோரும் அந்த ஏழு நிமிடத்தை நடந்துதான் வந்தார்கள். மேல்கதவைத் தட்ட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

இருபத்தேழு வருடத்தில் அந்தக் கதவு நான்கு முறை திறந்தது. குடிவந்த அன்று துணி அலமாரி சமையலறை வழியே நுழைய மறுத்தது, அது முதல் முறை. பிறகு ஒரு போலீஸ்காரர் வந்தார். தேடிவந்த வீடு இதுவல்ல என்று தெரிந்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது முறை அவள் கணவன் ட்ரெவர். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேல்கதவு வழியாகப் போனபோதே, இனி திரும்பி வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. புகையிலை வாங்கப் போகிறவன் சமையலறை வழியாகப் போயிருப்பான். கடைசியாக எட்டு வருடத்துக்கு முன் அம்மாவின் சவப்பெட்டி. அதன் பிறகு கதவு ஈரத்தில் உப்பிச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டது. அதிலிருந்த பித்தளைத் துளை வழியாகக் கடிதங்கள் மட்டும் உள்ளே விழுந்துகொண்டிருந்தன.

அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். முந்நூறு பிள்ளைகளுக்குக் கட்டி விழாமல் கஸ்டர்ட் கிண்டுவாள். அதை யாராவது புகழ்ந்தால், “கையை நிறுத்தாம இருந்தாப் போதும், வேற ஒண்ணும் இல்ல” என்பாள். அது உண்மைதான். அவளுடைய வாழ்க்கையைப் பற்றியும் ஏறக்குறைய அதைத்தான் சொல்ல முடியும்.

பிப்ரவரி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் ஸ்டான்லி ஹோல்ராய்ட் வந்தார். எழுபத்துநான்கு வயது. சமையலறைக் கதவை இரண்டு முறை தட்டி, பதிலுக்குக் காத்திராமல் திறந்து, “நான்தான் கண்ணு” என்றார். அந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவர் பேராயரையே ஏற்றினாலும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். அவர் இஞ்சிக் கேக்கில் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்ட பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

“என் முட்டி போயிடுச்சு. கடலோரத்துல மாடிப்படி இல்லாத வீடு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். இதை விக்கணும்.”

கிளெனிஸ் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “எப்போ?”

“கோடைக்குள்ள. ஆனா முதல்ல உன்னைத்தான் கேப்பேன். மதிப்புப் போடுறவன் என்ன சொல்றானோ அதான் விலை. ஒரு பென்னி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. கையைக் குடு.”

அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். அம்மா விட்டுப்போனது, தன் சேமிப்பு, ஐம்பத்தொன்பது வயதுக்காரிக்கு வங்கி கொடுக்க ஒப்புக்கொண்ட சிறு கடன் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் பவுண்டு தேறும். அதற்குள் முடிந்தால் இந்தச் சமையலறை அவளுடையது. முடியாவிட்டால், அவளால் வாடகை கொடுக்கக்கூடிய இடம் மூன்று பஸ் மாறிப் போகும் தூரத்தில் இருந்தது. அங்கிருந்து காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட அடுப்பைப் பற்றவைக்க வர முடியாது.

மதிப்புப் போட வந்த பையனின் பெயர் கஸ் பெம்பர்ட்டன். வீட்டுத் தரகு அலுவலகத்தில் இரண்டு வருடமாக இருக்கிறான். வெளியூர்க்காரன் என்பதால் மேல்கதவைத் தட்டினான். கிளெனிஸ் உள்ளே மண்டியிட்டு, பித்தளைத் துளையைத் திறந்து அதன் வழியாகப் பேசினாள்.

“தம்பி, இது திறக்காது. சுத்தி வாங்க.”

“எதைச் சுத்தி மேடம்?”

“ஊரை.”

ஒன்பது நிமிடம் கழித்து, நனைந்த கூர்மூக்குக் காலணிகளோடு சமையலறைக்கு வந்து சேர்ந்தான். சிவப்பு ஒளி விடும் சின்னக் கருவியால் சுவர்களை அளந்தான். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத பின்னறையை ‘அடக்கமான அறை’ என்று எழுதிக்கொண்டான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தொகையைச் சொன்னான். இரண்டு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம்.

கிளெனிஸ் தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். சிந்தவில்லை. “எதிர்ல சந்துல இதே மாதிரி வீடு போன மாசம் ஒரு லட்சத்து அம்பத்தெட்டுக்குப் போச்சே தம்பி.”

“அது எட்டு மேடம்.”

“இது?”

“இது ஏழு.”

“ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?”

கஸ் எட்டிப் பார்த்தான். அவன் நேர்மையான பையன். “உங்க குப்பைத்தொட்டி” என்றான். 

பத்து வருடத்துக்கு முன், சாலைப் பக்கத்து ஏழும் சந்துப் பக்கத்து எட்டும் கடிதம் பிரிப்பவர்களுக்கு மட்டும் தேவைப்பட்ட அஞ்சல் எண்கள். பிறகு ஏழில் ஒரு ரொட்டிக்கடை வந்தது. ஒரு ரொட்டி ஆறு பவுண்டு. சாப்பிட்டவர்கள் பிரமாதம் என்றார்கள். ஆறு பவுண்டு கொடுத்தவர்கள் வேறு என்ன சொல்வார்கள். லண்டன் பத்திரிகை ஒன்று ‘வாழத் தகுந்த இடங்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டு அதில் ஏழாம் எண்ணைச் சேர்த்தது. எட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமே விலையை இரண்டாகப் பிளந்தது. மலை அதே மலை, மழை அதே மழை. ஆனால் ஒரு பொருளின் மதிப்பு அந்தப் பொருளுக்குள் இருப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது.

“நீங்க எதுல இருக்கீங்க தம்பி?” என்று கேட்டாள்.

“அம்மாகூட. பதிமூணுல.”

“அங்க விலை எப்படி?”

“ரொம்பக் குறைவு. என்னால அதுவும் முடியாது.” கேக்கை மென்றபடி அவன் சிரித்தான். “இந்த மேல்கதவு மட்டும் இல்லேன்னா நீங்களும் எட்டுதான் மேடம். மிச்ச எண்பத்தேழாயிரம் அந்தக் கதவோட விலை.”

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். கிளெனிஸ் சிரிக்கவில்லை. அவன் போன பிறகு மேலே போய், எட்டு வருடமாகத் திறக்காத அந்தக் கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். எண்பத்தேழாயிரம் பவுண்டு பெறுமானமுள்ள பொருள் போல அது தெரியவில்லை. கீழ்ச்சட்டத்தில் காளான் பூத்திருந்தது.

ஒரு வீடு ஏழா எட்டா என்பதை எந்தக் கதவு முடிவு செய்கிறது என்று மறுநாள் தபால்காரர் இம்தியாஸிடம் கேட்டாள். பதினாறு வருடமாக அந்தத் தெருவுக்குக் கடிதம் கொண்டுவருபவர். கடிதங்களை மேலே துளையில் போடுவார், பார்சல் இருந்தால் ஏழு நிமிடம் சுற்றிக் கீழே வருவார். பார்சல் இல்லாத நாளிலும் சில சமயம் வருவார், தேநீருக்காக.

“கதவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல கண்ணு” என்றார் இம்தியாஸ். “துளைதான் கணக்கு. கடுதாசி எந்தத் துளையில விழுதோ வீடு அங்கதான் இருக்கு. மத்தபடி வீடுன்னு ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரியாது.”

“துளையை இந்தக் கதவுக்கு மாத்திட்டா?”

“மாத்தலாமே. ஒரு மனு இருக்கு. நகராட்சியில இருந்து ஒரு ஆள் வந்து, ஜனங்க வழக்கமா எது வழியா உள்ள வராங்கன்னு பாத்து எழுதணும். அவன் எழுதிட்டா நான் இங்க போடுவேன். நான் இங்க போட்டா நீ எட்டு.” அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “எனக்கும் நல்லது. உக்காந்தபடியே குடுத்துடலாம்.”

அவள் ஒளித்து மறைத்துச் செய்யத் தெரியாதவள். மனுவை எழுதுவதற்கு முன் ஹோல்ராய்டை வரவழைத்து, ஏழு, எட்டு, துளை, குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். 

“எங்கப்பா இந்த வீட்டைத் தொள்ளாயிரம் பவுண்டுக்கு வாங்கினார். ஏழுன்னா அவருக்குத் தெரிஞ்சது வாரத்துக்கு எத்தனை நாள்ங்கறதுதான். நீ எங்க வேணா துளை போடு கண்ணு.”

“நகராட்சி ஒத்துக்கிட்டா விலை எறங்கும் மிஸ்டர் ஹோல்ராய்ட்.”

“காகிதத்துல என்ன வருதோ அதுக்கு விப்பேன். கை குடுத்தாச்சு.” பிறகு கதவருகே நின்று, “நகராட்சிக்காரன் வந்து பாக்கறதுக்குள்ள நான் மேல்கதவு வழியாப் போயிருப்பேன்” என்றார்.

சிக்கல் வந்தால் யாராவது வழக்கறிஞர் மூலம் வரும் என்று கிளெனிஸ் எதிர்பார்த்திருந்தாள். அது பக்கத்து வீட்டிலிருந்து பூச்செண்டோடு வந்தது. நாற்பத்துமூன்றாம் எண்ணில் இருந்த டாம்சின் இரண்டு வருடத்துக்கு முன் லண்டனிலிருந்து வந்தவள். அந்த வீட்டுக்கு அவள் கொடுத்த விலையை ஊர்க்காரர்கள் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அவளுக்குத் தூக்கம் போயிற்று. தன் சுவரை ஒட்டிய வீடு எட்டாகிவிட்டால், ஈரம் பரவுவதுபோல அந்த எட்டு தன் வீட்டுக்கும் பரவிவிடும் என்று அவள் நம்பினாள். ஆனால் சண்டை போட அவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அன்பாக இருப்பது மட்டும்தான். அதை ஒரு ராணுவத்தைப் போல நடத்தினாள்.

பூச்செண்டுக்குப் பிறகு ஒரு தச்சரை அழைத்துக்கொண்டு வந்தாள். “உங்க மேல்கதவு பாவம், ஒட்டிக்கிட்டிருக்கு கிளெனிஸ். சரிபண்ணச் சொல்லிக் காசும் குடுத்துட்டேன். நீங்க வேண்டாம்னு சொல்லவே கூடாது.”

காசு கொடுத்தாகிவிட்ட உதவியை வேண்டாம் என்று சொல்வதற்கு அந்த நாட்டில் இன்னும் வார்த்தை கண்டுபிடிக்கப்படவில்லை. தச்சர் உள்ளூர்க்காரர். மேல்கதவைச் சரிசெய்ய ஏழு நிமிடம் சுற்றி, சமையலறை வழியாக உள்ளே வந்து, வேலை முடிந்ததும் அதே வழியாகத் திரும்பிப் போனார். கதவு விரலால் தள்ளினால் திறக்கும்படி ஆகிவிட்டது. அடுத்த வாரம் அதற்கு நீலச்சாயம் அடிக்கப்பட்டது. அதற்கடுத்த வாரம் இருபுறமும் தொட்டிச் செடிகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கிளெனிஸ் நன்றிக் கடிதம் எழுதி, ஒரு கேக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் அழிக்கப் பார்க்கிறார்கள் என்பதை இருவரும் அறிந்திருந்தார்கள். அதைச் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும்.

கிளெனிஸ் செய்ததெல்லாம் இவ்வளவுதான். மேல்கதவின் துளையைத் திருகாணி போட்டு மூடினாள். சமையலறைக் கதவில் புதிதாக ஒரு துளை வைத்தாள். மேல்கதவைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

நகராட்சியிலிருந்து பதில் வந்தது. ஈஸ்டர் விடுமுறை வாரத்தில் வியாழக்கிழமை பத்து மணிக்கு அடெயெமி என்பவர் வந்து பார்ப்பார்.

அந்த வியாழக்கிழமை கிளெனிஸ் ஆறு மணிக்கே எழுந்து முற்றத்தைக் கழுவினாள். ஒன்பதரைக்குத் தேநீர்ப் பாத்திரத்தைச் சூடாக்கினாள். பத்து மணிக்கு யாரும் வரவில்லை. பத்தேகாலுக்கும் வரவில்லை. சந்தில் ஒரு பூனை மட்டும் போயிற்று. மனு நிராகரிக்கப்பட்டுவிட்டது, அதைச் சொல்லக்கூட ஆள் அனுப்பவில்லை என்று அவள் நினைத்தாள். அலமாரியில் இருக்கும் தட்டுகளை எத்தனை பெட்டிகளில் கட்டலாம் என்று கணக்குப் போடத் தொடங்கினாள்.

அந்த நேரத்தில் மேலே சாலையில் நடந்ததை இம்தியாஸ் பிறகு விவரமாகச் சொன்னார். அவர் எதிர்ப்பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது டாம்சின் தன் சிநேகிதிகள் எட்டுப் பேரோடு, கையில் மூடிய தட்டுகளுடன், நாற்பத்தொன்றின் நீலக்கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். நகராட்சிக்காரர் வரும்போது மேல்கதவு வழியாக ஒரு கூட்டமே உள்ளே போகவேண்டும் என்பது ஏற்பாடு. அவர் வரும் வரை தட்டக்கூடாது என்று டாம்சின் சொல்லியிருந்தாள். எனவே ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

ஒன்பது பேர் ஒழுங்காக நிற்கும் இடத்தைக் கடந்துபோக அந்த நாட்டில் எல்லோராலும் முடியாது. நாய் நடத்திக்கொண்டு வந்த ஒருவர் பின்னால் சேர்ந்தார். ரொட்டிக்கடையிலிருந்து வந்த இளம் தம்பதி சேர்ந்தார்கள். என்ன க்யூ என்று யாரும் முன்னால் இருப்பவரைக் கேட்கவில்லை. அது அவர்கள் விஷயத்தில் தலையிடுவது போல ஆகும். பத்து மணி பத்துக்கு இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். இருபத்துமூன்றாவதாக, பிளாஸ்டிக் உறையில் காகிதங்களோடு ஒரு மழைக்கோட்டுக்காரர் வந்தார். கதவு எண்ணைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு க்யூவின் கடைசியில் போய் நின்றுகொண்டார். அவர்தான் அடெயெமி.

டாம்சின் நகராட்சிக்காரரை எதிர்பார்த்துச் சாலையின் அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நகராட்சிக்காரர் அவளுக்குப் பின்னால் இருபத்திரண்டாவது ஆளாக, அவளுடைய முறை முடிய மரியாதையாகக் காத்திருந்தார்.

பத்து இருபதுக்கு ஹோல்ராய்ட் வந்தார். இன்று என்ன ஆகிறது என்று பார்க்க வந்தவர், தன் வீட்டின் முன் க்யூவைப் பார்த்து அசந்துபோனார். அடெயெமிக்குப் பின்னால் நின்றுகொண்டு அவரைக் கேட்டார்.

“என்ன க்யூ தம்பி இது?”

“தெரியல சார். எனக்கு நாப்பத்தொண்ணுக்குள்ள போகணும். முன்னாடி ஆளுங்க இருக்காங்க.”

அடெயெமிக்கு முன்னால் நின்ற ஒரு பெண் திரும்பினாள். “வீடு பாக்கத்தான். மூணு லட்சத்துக்குக் கீழ போகாதுன்னு முன்னாடி பேசிக்கறாங்க.”

“எந்த வீடு?”

“இதோ, இந்த நீலக்கதவு.”

ஹோல்ராய்ட் கதவு எண்ணை ஒரு முறை வாசித்துப் பார்த்தார். “அது என் வீடு” என்றார்.

“அப்படியா. அப்போ நீங்க நேரா முன்னாடி போகலாமே.”

“க்யூன்னா க்யூதான் கண்ணு” என்றார் ஹோல்ராய்ட், அடிபட்டவர் போல. மூன்று லட்சம் என்று ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். கடலோர வீட்டுக்கு அந்தப் பணத்தில் கடலைப் பார்த்த ஜன்னலும் கிடைக்கும். மழை தூறத் தொடங்கியது. அவர் இரண்டு நிமிடம் பொறுத்தார். பிறகு, “நான் கீழ் வழியாப் போறேன், கிளெனிஸ்கிட்டப் பேசணும்” என்று க்யூவை விட்டு விலகினார்.

“கீழ்வழி நிஜமாவே புழக்கத்துல இருக்கா சார்?” என்று அடெயெமி கேட்டார்.

“கீழதான் தம்பி வழி. இதுல எவனும் போறதில்ல.”

“இவ்வளவு பேர் நிக்கறாங்களே.”

“நிக்கறாங்க. யாராவது உள்ள போனாங்களா?”

அடெயெமி யோசித்தார். அவர் சட்டம் படித்தவர். அந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. உறையை மார்போடு அணைத்துக்கொண்டு கிழவரைப் பின்தொடர்ந்தார். முப்பத்தெட்டுப் படிகளில் இறங்கும்போது ஹோல்ராய்ட் முட்டியைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார்.

“எங்கப்பா முப்பது வருஷம் அந்த வீட்ல இருந்தாரு. அந்தக் கதவு வழியா ஒரே ஒரு தடவதான் வெளிய போனாரு. அதுவும் படுத்துக்கிட்டு.”

“அப்போ அந்தக் கதவு எதுக்கு சார்?”

“சாவுக்கும் போலீஸுக்கும். மனுஷனுக்கு மனுஷன் போய்வர வழி இது.”

சமையலறைக் கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. “நான்தான் கண்ணு.” கிளெனிஸ் தட்டுகளை எண்ணுவதை நிறுத்தினாள். உள்ளே வந்த ஹோல்ராய்ட் தொப்பியைக் கழற்றவில்லை. பின்னால் மழைக்கோட்டோடு இன்னொருவர் நின்றதையும் பொருட்படுத்தவில்லை.

“மேல ஒருத்தி மூணு லட்சம்ங்கறா.”

கிளெனிஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க கை குடுத்தீங்க.”

“குடுத்தேன். மதிப்புப் போடுறவன் சொல்ற விலைக்கு. அது ஏழா எட்டான்னு இன்னும் யாரும் எழுதலையே. ஏழுன்னே எழுதிட்டா நல்லதுன்னு தோணுது கண்ணு. மறைக்க மாட்டேன். எனக்குத் தோணுது.”

மழைக்கோட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். “மன்னிக்கணும். மிசஸ் மெட்கால்ஃப் நீங்கதானா? நான் நகராட்சியிலேருந்து வர்றேன். முப்பது நிமிஷம் தாமதம். மேல க்யூவுல நின்னுட்டேன்.”

ஹோல்ராய்ட் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார்.

அடெயெமி மேசையில் காகிதத்தை விரித்து, நின்றபடியே எழுதினார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டினார். “‘மேல்கதவு சாவுக்கும் போலீஸுக்கும் மட்டுமே. மனுஷனுக்கு மனுஷன் போய்வரும் வழி கீழ்க்கதவு. உரிமையாளரின் தந்தை முப்பது ஆண்டில் ஒரு முறை மேல்கதவைப் பயன்படுத்தினார், படுத்த நிலையில்.’ உரிமையாளர் வாக்குமூலம். நீங்கதானே சார் உரிமையாளர்? சரியா எழுதியிருக்கேனா?”

கிளெனிஸ் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். இல்லை என்று சொல்ல ஹோல்ராய்டுக்கு ஒரே ஒரு வார்த்தை போதும். அதன் விலை எண்பத்தேழாயிரம் என்று அவருக்குத் தெரியும், மூன்று லட்சக்காரி நிஜமானால் இன்னும் அதிகம். கிளெனிஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் பார்த்தால் கெஞ்சுவது போல ஆகிவிடும் என்று கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு தப்பு” என்றார் ஹோல்ராய்ட்.

அடெயெமி பேனாவை எடுத்தார்.

“முப்பது இல்ல. முப்பத்தொண்ணு. செப்டம்பர்ல குடிவந்தாரு.” அவர் திருத்தும்வரை காத்திருந்து, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தொப்பியைக் கழற்றி, வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். “கடல் தெரியற ஜன்னல்” என்று கேக்கைப் பார்த்துச் சொன்னார். “சரி. கடலை நடந்துபோய்ப் பாத்துக்கறேன்.”

அவரைப் பெரிய மனது படைத்தவர் என்று சொல்ல முடியாது. சற்று முன்பு வரை அவர் வேறு விதமாகத்தான் நினைத்தார். தன் வாயிலிருந்து வந்ததைத் தன் வாயிலிருந்து வரவில்லை என்று சொல்ல அவருக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். பழக்கமின்மையும் சில நேரம் நல்லொழுக்கத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

பதினொரு மணிக்கு டாம்சின் பொறுமையிழந்து நீலக்கதவைத் தட்டினாள். மழைச் சத்தத்தில் கீழே சமையலறையில் அது கேட்கவில்லை. மழை வலுத்ததும் க்யூ கலைந்தது. கலைந்தவர்களில் மூன்று பேர் ஏமாற்றம் தாங்காமல் அன்று மாலையே தரகு அலுவலகத்துக்குப் போய், பார்க்காத வேறொரு வீட்டுக்கு விலை சொன்னார்கள் என்று கஸ் பிற்பாடு சொன்னான்.

ஆறு வாரத்தில் கடிதம் வந்தது, சமையலறைத் துளை வழியாக. நாற்பத்தொன்றாம் வீட்டின் முன்வாசல் மில் சந்தில் இருக்கிறது. அஞ்சல் எண் எட்டு. கஸ் மறுபடி வந்தான். அதே சுவர்களை அதே சிவப்பு ஒளியால் அளந்தான். அறைகள் ஒரு அங்குலமும் குறையவில்லை. ஒரு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் என்று எழுதினான். எழுதும்போது அவன் முகத்தில், பாடப்புத்தகத்தில் இல்லாத கணக்கைப் போட்டவனின் குழப்பம் இருந்தது.

டாம்சினின் பயத்துக்கும் அவனே மருந்து சொன்னான். ஏழில் இருந்த வீடுகளின் எண்ணிக்கை ஒன்று குறைந்துவிட்டது. குறைவாக இருப்பதற்கு விலை அதிகம். அவள் வீட்டின் மதிப்பு இரண்டாயிரம் பவுண்டு ஏறியிருந்தது. அவள் கிளெனிஸுக்கு ஒரு கேக் கொண்டுவந்தாள். இந்த முறை அதில் வேறு நோக்கம் எதுவும் இல்லாததால் சுவை கொஞ்சம் குறைவாகவே இருந்தது.

ஜூன் மாதம் வீடு கிளெனிஸின் பெயருக்கு மாறியது. அன்றைக்கும் அவள் பள்ளிக்கூடத்தில் கஸ்டர்ட் கிண்டினாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை மேல்கதவு இரண்டு முறை தட்டப்பட்டது. அவள் படியேறிப் போவதற்குள், தச்சர் சரிசெய்த அந்தக் கதவு தானே திறந்து, “நான்தான் கண்ணு” என்ற குரல் கேட்டது. ஹோல்ராய்ட் கடலோரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

“என்ன இந்தப் பக்கமா வரீங்க?” என்றாள் கிளெனிஸ்.

“நான் என்னைக்கும் பின்வாசல் வழியாத்தான் வருவேன். உனக்குத் தெரியாதா?”

“இது...”

“இதான் இப்போ பின்வாசல். நகராட்சிக்காரனே எழுதிட்டான், நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்.” அவர் சமையலறைக்கு இறங்கி வந்து வழக்கமான நாற்காலியில் சரிந்தார். “முப்பத்தெட்டுப் படியும் மிச்சம்.”

அவருக்கு மட்டும் தோன்றிய எண்ணமல்ல அது. அந்த வாரமே தச்சர் மேல் வழியாக வந்தார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் வந்தார்கள். முன்வாசலைத் தட்டினால் மரியாதையாக இருக்காது என்று அவர்கள் எல்லோரும் நீலக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அடெயெமி மறுபடி வந்து பார்த்தால் என்ன எழுதுவார் என்று கிளெனிஸ் சிலநேரம் யோசித்தாள். ஏழு என்று எழுதினால் தன்னிடம் இரண்டரை லட்சமோ மூன்று லட்சமோ பெறுமானமுள்ள வீடு இருக்கும். அதை விற்றுவிட்டுப் போய் எங்கே இருப்பது என்ற கேள்விக்குத்தான் அதில் பதில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை கிளெனிஸும் ஹோல்ராய்டும் இரண்டாவது கோப்பையைக் குடித்துக்கொண்டிருந்தபோது சமையலறைக் கதவு தட்டப்பட்டது. இருவரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள். கிளெனிஸ் ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தலையைச் சரிசெய்துகொண்டாள். ஹோல்ராய்ட் தொப்பியை மடியில் எடுத்து வைத்தார்.

“முன்வாசல்ல தட்டறாங்க” என்றார் தணிந்த குரலில். “யாரு செத்தாங்க?”

இம்தியாஸ்தான். ஒரே ஒரு கடிதம். அவர் கையில் கொடுத்துவிட்டுத் தேநீருக்காகத் தொப்பியைக் கழற்றினார். கஸ்ஸின் அலுவலகம் ஊரில் எல்லா வீடுகளுக்கும் அனுப்பும் அச்சடித்த தாள். எட்டில் இப்போது நல்ல கிராக்கி, விற்கும் எண்ணம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். கிளெனிஸ் அதை நான்காக மடித்து மேசையில் வைத்து, அதன்மேல் தேநீர்ப் பாத்திரத்தை வைத்தாள். மேசை சூடுபடாமல் இருக்கும்.